இரண்டு பேருக்கான கப்பல் சீட்டு

காஜா பெராங்கில் நாங்கள் இருந்த வீட்டில் இரண்டே பேர். நானும் என் கணவரின் அக்காவும். தகரக் கூரை போட்ட வாடகை வீடு. மழை பெய்தால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அக்கா விடியற்காலையில் இடியாப்பம் அவித்துத் தெருத் தெருவாகக் கொண்டுபோய் விற்பாள். நான் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பேன். அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் என் கணவருடைய வெள்ளைச் சட்டை ஒன்று தொங்கும். மாதம் ஒருமுறை அக்கா அதை எடுத்துத் துவைத்து, கஞ்சி போட்டுக் காயவைத்து, அதே ஆணியில் மாட்டிவிடுவாள். அதைப் போட்டுக்கொள்ள வேண்டியவர் சயாமுக்குப் போய்ப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது.

ஜப்பான்காரன் காலத்தில் அவர் தண்ணீர்க் குழாய் போடும் வேலையில் இருந்தார். ஒருநாள் செமாபோக் பக்கம் குழி தோண்டிக்கொண்டிருந்த ஆட்களை அப்படியே லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சயாமில் ரயில் பாதை போட. கூட வேலை செய்தவர்களில் ஒருவரை, வயதானவர் என்று இறக்கிவிட்டிருக்கிறார்கள். அவர் சாயங்காலம் வந்து வாசலில் நின்றார். "மூணு மாசத்து வேலையாம். வந்துடுவேன்னு வீட்டுல சொல்லச் சொன்னாப்ல" என்றார். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அன்றைக்கு அவருக்கென்று வாங்கி வைத்திருந்த மீனை என்ன செய்வது என்று தெரியாமல் நான் நின்றுகொண்டே இருந்தது மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சண்டை முடிந்து சயாமிலிருந்து ஆட்கள் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அக்கா ஒவ்வொருவரையும் தேடிப் போய்க் கேட்டாள். ஒருவர், ஆற்றோரத்து முகாம் ஒன்றில் அவர் காய்ச்சலில் விழுந்து கிடந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். இன்னொருவர், இல்லை, திரும்பி வருகிற ரயிலில் அவர் ஏறியதைக் கண்ணால் கண்டேன் என்றார். அக்கா இரண்டாமவர் சொன்னதை எடுத்துக்கொண்டாள். நான் யார் சொன்னதை எடுத்துக்கொண்டேன் என்று என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தாலி கழுத்தில் கிடந்தது. பொட்டும் வைத்துக்கொண்டேன். பூ மட்டும் வைப்பதில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், பூ வாசம் தலைவலி கொடுக்கிறது என்பேன்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் எப்போது என்று பண்டா ஹிலிர் திடலில் அறிவித்த நாளில் ஊரே அங்கே கூடியது. அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பேச்சு எதுவும் அவள் காதில் ஏறவில்லை. மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தன சனம் வந்திருக்கு. தம்பியும் வந்திருப்பான்" என்றாள். எல்லோரும் கையை உயர்த்திச் சத்தம் போட்டபோது அவளுக்கு முகங்கள் மறைந்துவிட்டன. "கையக் கீழ போடுங்களேன், கையக் கீழ போடுங்களேன்" என்று பக்கத்தில் நின்றவர்களைக் கெஞ்சினாள். நான்தான் அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

கப்பல் என்பது என் கணவருடைய ஆசை. பதினாறு வயதில் நாகப்பட்டினத்திலிருந்து டெக்கில் வந்தவர் அவர். டெக் என்றால் திறந்த தளம். கித்தானை விரித்துப் படுத்துக்கொள்ள வேண்டியது. பக்கத்தில் ஒருவர் வாந்தி எடுத்தால் நம் தலைமாட்டுக்கு ஓடி வரும். அங்கே படுத்தபடி மேல் தளத்தையே பார்த்துக்கொண்டிருப்பாராம். கேபினில் வருகிறவர்கள் கித்தான் நாற்காலியில் சாய்ந்து, பீங்கான் கோப்பையில் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள்.

"ஒரு தடவ நாம ரெண்டு பேரும் அந்த மாடியில போகணும்" என்பார். "ஊருக்குப் போறதுக்கில்ல. அங்க நமக்கு யார் இருக்கா? சும்மா போயிட்டு அதே கப்பல்ல திரும்பிடணும். டீ குடிச்சிக்கிட்டே."

"காசையும் குடுத்து யாராவது கிளம்பின எடத்துக்கே திரும்பி வருவாங்களா?"

"பணக்காரங்க வருவாங்க."

சுதந்திரம் வந்த வருஷம் எனக்குக் கொடி தைக்கிற வேலை வந்தது. ஜவுளிக்கடைக்காரர் துணியை வெட்டிக் கொடுத்துவிடுவார். பட்டைகள் சுலபம். பதினொரு முனை நட்சத்திரம்தான் உயிரை வாங்கும். ஒரு முனை கோணினாலும் திருப்பி அனுப்புவார். கடைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, காருக்கு என்று எல்லோருக்கும் கொடி வேண்டியிருந்தது. மிதித்து மிதித்துக் கால் வீங்கிப் போனது. அந்த வேலை ஓய்ந்தபோது, வாழ்க்கையில் முதல்முறையாக என் கையில் என்னுடையது என்று ஒரு தொகை இருந்தது.

கூரையை மாற்றலாம் என்றாள் அக்கா. நான் கப்பல் என்றேன்.

"கப்பலா? யாரப் பாக்க?"

"யாரையும் இல்லக்கா. சும்மா போயிட்டு வரேன்."

மாவு பிசைந்துகொண்டிருந்தவள் கையை எடுத்தாள். "நீ போன நேரம் பாத்துத் தம்பி வந்துட்டா?"

"நீங்க இருக்கீங்களே."

"நான் இருந்து? பொண்டாட்டி எங்கன்னு கேப்பானே."

சில நாள் கழித்து அவளே வந்தாள். "சரி, போயிட்டு வா. சயாம்லேருந்து நேரா ஊருக்குப் போயிருந்தாலும் போயிருப்பான். நாகப்பட்டினத்துல எறங்கி விசாரி" என்றாள். அப்படித்தான் சம்மதம் கிடைத்தது. அவளைப் பொறுத்தவரை நான் தேடப் போகிறவள்.

அடுத்த வீட்டில் ஒரு செட்டிக் குடும்பம். எங்களைப் போலப் பிள்ளையாரைக் கும்பிடுகிறவர்கள், ஆனால் வீட்டில் பேசுவது மலாய்தான்; தமிழில் நாலு சொல் வரும். அந்த வீட்டு அம்மா தன் தகரப் பெட்டியை எனக்கு இரவலாகக் கொடுத்தார். ஒற்றை விரலைக் காட்டி, "சோராங் சஜா?" என்று கேட்டார். தனியாகவா என்று. ஆமாம் என்றேன். அவர் முகம் மாறியது. உள்ளே போய் உப்பும் மிளகாய் வற்றலும் ஒரு துணியில் முடிந்து கொண்டுவந்து பெட்டியின் அடியில் வைத்தார். தனியாகக் கடலில் போகிறவளோடு வேறு எதுவும் துணைக்கு வந்துவிடக் கூடாது என்று மலாயில் சொன்னார்.

கப்பல் ஏஜெண்டின் ஆபீஸ் ஆற்றுப் பக்கம் இருந்தது. அங்கே கிளார்க் ஒரு தமிழர்.

"எத்தன பேரும்மா?"

"ஒருத்தர்தான்."

"டெக்கா?"

"கேபின்."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "கேபின்னா ரெண்டு பெர்த் இருக்கும்மா. கூட ஒரு பொம்பள வந்தாத்தான் ஒரு பெர்த் மட்டும் குடுக்கலாம். இந்தத் தடவ தனியா வர்ற பொம்பள வேற யாரும் கெடையாது. ஆம்பளையக் கொண்டாந்து உங்க ரூம்ல போட முடியுமா?"

"அப்ப என்ன செய்யறது?"

"ரெண்டு பெர்த்துக்கும் நீங்களே கட்டணும். டெக்குல போனீங்கன்னா ரொம்பக் கம்மியா முடியும்."

"டெக்குன்னா நான் போகவே வேணாம்."

"திரும்புறது எப்போ?"

"அதே கப்பல்ல."

"அப்ப அதுக்கும் ரெண்டு." சொல்லும்போது அவருக்கே கூச்சமாக இருந்தது. "ரெண்டு பேராப் போனா ஆளுக்குப் பாதிதாம்மா. தனியாப் போறதுக்குத்தான் செலவு ஜாஸ்தி."

கொடிக் காசு போதவில்லை. என் வளையலை விற்றேன். வராத ஓர் ஆளுக்குச் சாப்பாடும் படுக்கையும் வாங்குகிறோமே என்று ஒரு பக்கம் வயிறு எரிந்தது. இன்னொரு பக்கம், விற்றுக் கிடைத்த பணத்தை எடுத்துக்கொண்டு அந்த ஆபீஸுக்கு நடந்தபோது, அவருக்காகவும் சேர்த்துத்தான் கட்டப்போகிறேன் என்ற நினைப்பில் எனக்கு ஒரு மாதிரி சந்தோஷமாகவும் இருந்தது.

பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு கிளார்க் என் தாலியைப் பார்த்தார். "வீட்டுக்காரரு...?" என்று இழுத்தார். நான் சீட்டுக்குக் கையை நீட்டினேன். "சரி, கேபின ரெண்டு பேருக்குன்னே போட்டுடறேன். இல்லாட்டி பினாங்குல யாரையாவது கொண்டாந்து ஏத்திடுவான்" என்றார். எனக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்தார்.

போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பல் ஏறினேன். கேபின் சின்னது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு படுக்கை, ஒவ்வொன்றுக்கும் பச்சைத் திரை. சுவரில் வட்டக் கண்ணாடி ஜன்னல். இரண்டு துண்டு, இரண்டு கிளாஸ், கட்டிக்கொள்ள இரண்டு மிதவைச் சட்டை. கீழ்ப் படுக்கை சுகமாகக் காலியாகக் கிடந்தது. அதன் திரையை இழுத்து மூடிவிட்டு, நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி மேலே படுத்தேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

காலையில் கேபின் பையன் என்று அவர்கள் கூப்பிடுகிற ஆள் கதவைத் தட்டினார். பையன் இல்லை, தலை நரைத்த மலையாளி. தட்டில் இரண்டு கோப்பை டீ. உள்ளே எட்டிப் பார்த்தவர், மூடியிருந்த பச்சைத் திரையைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார். தூங்குகிற ஆள் விழித்துவிடக் கூடாதே என்பதுபோல.

"சாருக்குக் கடல் பிடிக்கல்லையோ, அம்மா?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டிய சொல் எனக்குப் பழக்கமில்லாத சொல். "ம்" என்றேன்.

அவ்வளவுதான். அந்த 'ம்'மில் என் கணவர் கப்பலுக்குள் வந்துவிட்டார்.

சாப்பாட்டு அறையில் எனக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. எதிரில், பேராக்கில் ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணியும் அவர் மனைவியும். சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறவர்கள். அந்த அம்மா நல்ல மாதிரி, ஆனால் ஒரு கேள்வி முடிவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்.

"உங்க வீட்டுக்காரருக்கு இப்ப எப்படி இருக்கு?"

"படுத்திருக்காரு."

"கஞ்சியாவது குடிச்சாரா?"

"கொஞ்சம்."

"என்ன வேலை பாக்குறாரு?"

"தண்ணிக் குழாய் வேலை."

"ஓ, இன்ஜினீரா?"

அவராகவே எல்லாம் நிரப்பிக்கொண்டார். நான் சொன்னவற்றில் பொய் என்று ஒன்றும் இல்லை. என் கணவருக்கு டீயில் சர்க்கரை தூக்கலாக இருக்க வேண்டும், காரம் ஆகாது, கோபம் வந்தால் பேசமாட்டார், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். எல்லாம் உண்மை. பதினைந்து வருஷத்துக்கு முந்தைய உண்மை. "என்ன வயசு?" என்று அந்த அம்மா கேட்டபோதுதான் தடுமாறினேன். இருபத்தைந்து என்று வாய்வரை வந்துவிட்டது. நாற்பது என்று மாற்றிச் சொன்னேன். அவருக்கு நாற்பது வயது என்று அதற்குமுன் நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

கேபினுக்குத் திரும்பிப் பச்சைத் திரையின் முன்னால் நின்றேன். உள்ளே படுத்திருக்கிற ஆளுக்குக் காதோரம் நரைத்திருக்கும். பல் ஒன்றிரண்டு போயிருக்கும். எனக்குத் தெரியாத ஒருவர். பயமாக இருந்தது. வெளியே போய்விடலாம் என்றும் தோன்றியது. போகவும் மனம் வரவில்லை.

பினாங்கைத் தாண்டியபின் கப்பல் நன்றாக ஆடத் தொடங்கியது. கேபின்காரர் வேளாவேளைக்குக் கஞ்சி கொண்டுவந்தார். கிராணி மனைவி எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பினார். படுக்கையை நானே தட்டிப் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிக் கதவிலேயே எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வேன். என் டீயைக் குடித்துவிட்டு அவருடைய டீயையும் குடிப்பேன். கஞ்சியையும் நான்தான் குடிப்பேன்.

ஒரு மத்தியானம் மேலே படுத்திருந்தபோது, கீழே யாரோ புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. கப்பல் சாய்ந்தால் பலகை கிரீச்சிடும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் "என்னங்க?" என்றேன். அறையில் ஈர மண் வாசனை அடித்தது. குழி தோண்டிவிட்டு வீட்டுக்கு வரும்போது அவர் மேல் அடிக்குமே, அந்த வாசனை. கடலுக்கு நடுவில் மண் ஏது? இறங்கித் திரையை விலக்கினேன். விரிப்பு சுவர்ப் பக்கமாகக் கசங்கியிருந்தது. நான்தான் எப்போதாவது உட்கார்ந்திருப்பேன். எப்போது உட்கார்ந்தேன் என்றுதான் ஞாபகம் வரவில்லை.

அதற்குப் பிறகு அவரோடு பேச ஆரம்பித்தேன். முதலில் சின்னச் சின்னப் பேச்சு. வீட்டு வாடகை ஏறிவிட்டது, அக்காவுக்கு முட்டி வலி என்று. பிறகு சண்டை. "மூணு மாசம்னு சொல்லிட்டுப் போனீங்களே. ஒரு ஆள்கிட்ட சொல்லிவிட்டா ஆச்சா? லாரியிலேருந்து குதிச்சு ஓடி வர முடியலையா?" திரை அசைந்துகொண்டே இருந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார் என்று நினைத்தேன். அப்படித்தானே அவர் வழக்கம்.

மறுநாள் சாயங்காலம் கடல் கொஞ்சம் அடங்கியது. மேல் தளத்தில் டீ கொடுக்கிறார்கள் என்றதும் போனேன். கித்தான் நாற்காலி. பீங்கான் கோப்பை. கீழே டெக்கில் படுத்திருந்த சிலர் எங்களை அண்ணாந்து பார்த்தார்கள். அவர் சொன்னபடியேதான் எல்லாம் இருந்தது. டீ மட்டும் தண்ணியாக இருந்தது.

பாதி குடிப்பதற்குள் விசில் சத்தம். வெள்ளை உடுப்பு ஆபீசர்கள் இரண்டு பேர் ஓடினார்கள். மாலுமிகள் உயிர்ப்படகை மூடியிருந்த துணியை அவிழ்த்து உள்ளே பார்த்தார்கள். எஞ்சின் சத்தம் மாறியது. கப்பல் வேகம் குறைந்தது. நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்து கம்பியோரம் ஓடினார்கள்.

"என்னவாம்?"

"யாரோ கடல்ல விழுந்துட்டாராம்!"

நானும் ஓடினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். கப்பல் கிழித்த நுரை நீளமாகப் பின்னால் கிடந்தது. யார் பெற்ற பிள்ளையோ! கறுப்பாக ஒரு தலை எங்கேயாவது தெரிகிறதா என்று அலைக்கு அலை தேடினேன். கப்பல் மெல்லத் திரும்பத் தொடங்கியது. வந்த வழியே போய்த் தேடுவார்கள் என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். பிள்ளையாரப்பா, அந்த ஆளைக் காப்பாற்று என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டேன்.

அப்போது கேபின்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் ஓர் ஆபீசர், கப்பல் டாக்டர், கிராணியின் மனைவி. அந்த அம்மா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"அம்மா," என்றார் கேபின்காரர். "சார் அறையில இல்ல. குளியலறையில இல்ல. எங்கயும் இல்ல. எப்போ வெளிய வந்தார்?"

அப்போதுதான் புரிந்தது. மூன்று நாளாக ஒருவர் சரியாகச் சாப்பிடாமல் கிடக்கிறார் என்று கிராணி மனைவி டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். டாக்டர் கதவைத் தட்டி, திறக்காமல் போகவே வேறு சாவி போட்டுத் திறந்திருக்கிறார். நான் இத்தனை நேரமும் தண்ணீரில் தேடியது என் கணவரை.

உடனே சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. கடலைப் பார்த்தேன். சயாமில் அவர் எங்கே விழுந்தாரோ, அங்கே அவருக்காக யாரும் வேலையை நிறுத்தியிருக்க மாட்டார்கள். எந்த சர்க்காரும் தேடவில்லை. இங்கே ஒரு முழுக் கப்பல் அவருக்காகத் திரும்பிக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் அவர் தலை எங்கே தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் தேடட்டுமே என்று இருந்தது.

கிராணி மனைவி என் தோளைப் பிடித்து உலுக்கினார். "பேசுங்கம்மா! ஏதாவது பேசுங்க!"

"அவரு கப்பல்ல ஏறவே இல்ல," என்றேன். "அவரு செத்துப் போயிப் பதினஞ்சு வருஷமாச்சு."

சொன்ன பிறகு அது என் குரல்தானா என்று இருந்தது. வீட்டில் ஒருமுறைகூட யாரும் சொல்லாத சொல். கேபின்காரர் அதை ஆபீசருக்கு இங்கிலீஷில் சொன்னார். அதில் ஒரு சொல் எனக்கும் தெரியும். இன்னொரு வாயிலிருந்து, இன்னொரு பாஷையில் அதைக் கேட்டபோதுதான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். பதினைந்து வருஷத்துக்கும் சேர்த்து, கூச்சமில்லாமல், அத்தனை பேர் முன்னிலையில்.

ஆபீசருக்கு நல்ல கோபம். இரண்டு பேருக்கு இடம் எதற்கு எடுத்தாள் என்று சத்தம் போட்டார். கேபின்காரர் பணிவாகத்தான் பதில் சொன்னார். பிறகு எனக்கும் அதைத் தமிழில் சொன்னார். தனியாக வருகிற பெண் என்று இரண்டு பேருக்கான காசை வாங்கியது நாம்தானே சார் என்றாராம். ஆபீசர் திரும்பிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் பழைய சத்தத்துக்கு வந்தது. கப்பல் நேராகியது.

அன்றிலிருந்து எனக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கிராணியும் மனைவியும் வேறு மேசைக்கு மாறிக்கொண்டார்கள். அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது; அவர் ஊறுகாய் கொடுத்தனுப்பியது யாருக்கு என்று நினைத்தால் அவருக்குக் குலை நடுங்கியிருக்கும். நான் நடந்து வந்தால் மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள்.

கேபின்காரர் மட்டும் வந்தார். ஒரு கோப்பை டீ.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே அம்மா."

"நீங்க அவ்வளவு மெதுவாப் பேசினீங்க. தூங்குற ஆளுக்குத் தொந்தரவு கூடாதுன்னு. அவருக்காக யாரும் அப்படிக் குரலக் கொறச்சு ரொம்ப நாளாச்சு."

"சார் எங்க போனார்?"

"சயாம்ல. ரயில் பாதைக்கு."

அவர் உள்ளே வந்து, கீழ்ப் படுக்கையின் விரிப்பை எடுத்து உதறி மடித்து வைத்தார். திரையை ஒரு பக்கமாக ஒதுக்கிக் கட்டினார்.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வெகு தூரத்தில் நின்றது. படகுகள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போயின. நான் இறங்கவில்லை. விசாரிக்க என்ன இருக்கிறது? வெயிலில் கரை ஒரு மஞ்சள் கோடாகத் தெரிந்தது. சென்னையில் கப்பல் நின்ற நாட்களில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சத்திரத்தில் தங்கினேன். மூட்டைப்பூச்சி தவிர அங்கே சொல்ல ஒன்றுமில்லை. திரும்பும்போது, ஈப்போவில் இருக்கிற புருஷனிடம் போகிற ஒரு சின்னப் பெண்ணுக்கு இடம் கொடுப்பீர்களா என்று கேட்டார்கள். கொடுத்தேன். அவள் கீழ்ப் படுக்கையில் படுத்துக் குறட்டை விட்டாள். அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு நான் நிம்மதியாகத் தூங்கினேன். விழித்தபோது முகம் ஈரமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து பெட்டியைக் கீழே வைப்பதற்குள் அக்கா கேட்டாள். "விசாரிச்சியா?"

"அவரு இல்லக்கா."

"நாகப்பட்டினத்துல இல்லியா?"

"எங்கயும் இல்ல. செத்துட்டாரு. நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும்."

அக்கா அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். "நீ பாத்தியா? பொணத்தப் பாத்தியா?"

"இல்ல."

"அப்ப எனக்குத் தெரியும்னு நீ எப்படிச் சொல்லலாம்?" குரல் உயரவில்லை. "நீ என்ன வேணா செஞ்சிக்க. நான் இருக்கறபடி இருக்கேன்."

ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலில் போய்க் கேட்டேன். காரியம் செய்து வைக்கிற ஓர் ஐயரைச் சொல்லிவிட்டார்கள். எந்தத் திதியில் போனார் என்று கேட்டார் ஐயர். தெரியாது என்றேன். மாதம்? அதுவும் தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்கு அமாவாசை என்றார். இந்த ஊரில் அவருக்கு அமாவாசைக்காரர்கள் நிறையப் பேர் இருந்திருக்க வேண்டும்; சொல்லும்போது அவர் யோசிக்கவே இல்லை.

உஜோங் பாசிர் கடற்கரையில் காலையில் செய்தோம். கருவாடு காயப் போட்டிருந்தார்கள். அலை இல்லாத சேற்றுக் கடல். எள்ளும் தண்ணீரும் விட்டு மந்திரம் சொல்லிக்கொண்டு வந்தவர், நடுவில் நிறுத்தி, "பேரைச் சொல்லுங்கோ" என்றார். கல்யாணமான நாள்முதல் அந்தப் பேரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் வழக்கத்தில் மனைவி சொல்லக் கூடாது. சொன்னேன். காற்றில் ஐயருக்குக் கேட்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது அக்கா சமையலறையில் நின்றாள். தலை முழுகியிருந்தாள். முடியிலிருந்து தண்ணீர் முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் தலைக்கு ஊற்றுகிற கிழமை இல்லை அது. நான் பார்ப்பதை அவள் பார்த்தாள். "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டாள். இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அடுத்த வாரம் மாவு பிசைந்துகொண்டே, "தம்பி வந்தா மொதல்ல இந்த ஓட்டக் கூரைய மாத்தச் சொல்லணும்" என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை. அவள் சாகிறவரை அப்படியேதான் பேசினாள்.

அமாவாசை தோறும் நான் உஜோங் பாசிருக்குப் போனேன். எங்கே கிளம்பிவிட்டாய் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. வெயில் ஏறியிருந்தால் குடையை எடுத்து என் கையில் கொடுப்பாள்.